ஸ்டெயின்லெஸ், கெட்டி ஸ்டீல்ல வீட்டுப் பட்டறையிலேயே ஓட்டை போடுறது: முழு வழிகாட்டி

ஜூன் 12 மேட்டூர் திறக்குறாங்கன்னு பேச்சு வந்தாலே நம்ம பக்கம் பட்டறை வேலை குவிஞ்சிடும். ரோட்டவேட்டர் கத்தி, பம்ப்செட் பேஸ், கேஜ் வீல், டிராக்டர் கொக்கின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். சாதா இரும்புல கண்ணை மூடிக்கிட்டு ஓட்டை போடுற பசங்ககிட்ட ஒரு எவர்சில்வர் பட்டையையோ ஸ்பிரிங் பட்டையையோ குடுத்தா ரெண்டு பிட்ட கருக்கிட்டு, "அண்ணே, கடைக்காரன் டூப்ளிகேட் பிட்டு குடுத்துட்டான் போல"ன்னு வந்து நிக்கிறாங்க. பெரும்பாலும் பிட்டு நல்ல பிட்டுதான், வேலை செஞ்ச வரிசைதான் தப்பா இருக்கும்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வாங்கிக்கங்க. ஸ்டெயின்லெஸ் வரும்போது கெட்டியா வர்றதில்ல, நாம தேய்ச்சுத் தேய்ச்சுதான் அதைக் கெட்டியாக்குறோம். ஸ்பிரிங் பட்டை, ரோட்டவேட்டர் கத்தி எல்லாம் கம்பெனியிலேயே சூடு ஏத்திக் கெட்டியாக்கி வருது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால முதல் படியே என்ன இரும்புன்னு தெரிஞ்சுக்கிறதுதான்.

1. கையில இருக்கிறது என்ன இரும்பு?

ஒரு காந்தம், பல்லு நல்லா இருக்கிற ஒரு அரம், இது ரெண்டும் போதும்.

காந்தம் ஒட்டல, துருவும் இல்லைன்னா அது 304, 316 இல்லாட்டி 202 வகை ஸ்டெயின்லெஸ். 304ல சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கேட்டு, கைப்பிடி, கிரில்லுக்கு விலை கம்மியா வர்ற பைப் நிறைய 202தான், அதுல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ அதிகமா சேர்த்திருப்பாங்க, அதனால 304ஐ விட அது இன்னும் சீக்கிரம் கெட்டியாகும். பழைய இரும்புக்கடையில ஒரு சொட்டு கெமிக்கல் விட்டு பேட்டரி வெச்சுப் பாப்பாங்க, சிவப்பா மாறினா அது 200 சீரிஸ். வளைச்ச இடத்துல, வெட்டின ஓரத்துல 304 கூட லேசா காந்தத்தை இழுக்கும், அத வெச்சு ஏமாந்துடாதீங்க, வளைக்காத நடுப்பகுதியில ஒட்டிப் பாருங்க. காந்தம் நல்லா ஒட்டுது ஆனா துருப்பிடிக்கலைன்னா 430 மாதிரி வகையா இருக்கும், அது ஓட்டை போட அவ்வளவு தகராறு பண்ணாது.

காந்தம் ஒட்டுற கருப்பு இரும்புக்கு அரம்தான் சோதனை. ஒரு மூலையில வெச்சு ஒரே அழுத்தமா ஒரு தள்ளு தள்ளுங்க. அரம் கடிச்சுத் தூள் கொட்டினா சாதா இரும்பு, வழக்கம்போல போடலாம். கடிக்குது ஆனா மல்லுக்கட்டுதுன்னா ஸ்பிரிங் பட்டை வகை, கோபால்ட் பிட்டுல முடியும். அரம் கிரீச்சுன்னு வழுக்கிட்டுப் போனா அந்த இரும்பு அரத்தோட கெட்டிக்கே வந்துடுச்சுன்னு அர்த்தம், சாதா பிட்ட அது கிட்டயே கொண்டுபோகாதீங்க, 9வது பகுதிக்குப் போங்க.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. சில ஷாஃப்ட், பின் எல்லாம் மேல் தோல் மட்டும்தான் கெட்டி, உள்ள சாதாவா இருக்கும். அரம் வழுக்கினா கிரைண்டர்ல அந்த இடத்த மட்டும் ஒரு எம்எம், ஒன்றரை எம்எம் எடுத்துட்டுத் திரும்ப அரம் வெச்சுப் பாருங்க. இப்ப கடிச்சா பாதிப் பிரச்சனை அங்கேயே முடிஞ்சுது.

2. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேசையில இருக்க வேண்டியது

பிட்டுதான் முதல்ல. கடையில சாதாரணமா குடுக்குறது ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்), நல்ல கம்பெனி பிட்டா இருந்து முனை கூரா இருந்தா அதுலயே 304 போடலாம். ஆனா அடிக்கடி ஸ்டெயின்லெஸ் வேலை வரும்னா கோபால்ட் வாங்கிடுங்க. எம்35ன்னு போட்டிருந்தா 5 சதவீதம் கோபால்ட், எம்42ன்னா 8 சதவீதம். தங்கக் கலர்ல மின்னுற பிட்டெல்லாம் கோபால்ட்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது பெரும்பாலும் மேல பூசின டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங்தான், ஒரு தடவ சாணை பிடிச்சா முனையில அந்தப் பூச்சு போயிடும். கோபால்ட் உலோகத்துலயே கலந்திருக்கிறதால எத்தனை தடவ சாணை பிடிச்சாலும் அதே குணம் இருக்கும். பிட்டுல எம்35, எம்42ன்னு பொறிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க.

முனைக் கோணமும் பாக்கணும். சாதா பிட்டு 118 டிகிரி, கெட்டி வேலைக்கு 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் கேளுங்க. ஸ்பிளிட் பாயிண்ட்ல நடு முனையும் வெட்டும், அதனால வழுக்கி ஓடாது, அழுத்தமும் கம்மியா போதும். நீளம் குறைவான பிட்டு கிடைச்சா இன்னும் நல்லது, வளையாது.

இருபது முப்பது பிட்டு அடங்கின மலிவு பெட்டி வாங்குறத விட, உங்க வேலைக்கு வேணும்கிற மூணு நாலு அளவுல நல்ல பிட்டு ரெண்டு ரெண்டா வாங்கி வெக்கிறதுதான் என் கணக்குல லாபம். ஒண்ணு மழுங்கினா வேலை பாதியில நிக்காது, அதோட மழுங்கின பிட்டையே வெச்சு மல்லுக்கட்டுற ஆசையும் வராது.

அடுத்தது ஆயில். கட்டிங் ஆயில் கொஞ்சமா வாங்கினாலே வீட்டு வேலைக்கு ரொம்ப நாள் வரும். அது இல்லாத அன்னிக்குத் தேங்காய் எண்ணெய் ஊத்துங்க, நல்லாவே வேலை செய்யும், ஆனா வேலை முடிஞ்சதும் மெஷின்லயும் வைஸ்லயும் துடைச்சிடணும், விட்டா பிசின் கட்டிடும். பழைய எஞ்சின் ஆயில் வேணாம், வெட்டுறதுக்கு அது பெருசா உதவாது, புகை வேற வரும், தோலுக்கும் கெடுதல். துரு கழட்ட அடிக்கிற ஸ்பிரேயும் இதுக்கு ஆகாது, ரொம்பத் தண்ணியா இருக்கும், நொடியில ஆவியாயிடும்.

மத்தபடி ஒரு வைஸ், ரெண்டு சி-கிளாம்ப், சென்டர் பஞ்ச், வெட்டும்போது வர்ற இரும்புச் சுருளைத் தள்ள ஒரு பிரஷ், கண்ணாடி. கண்ணாடி இல்லாம ஆரம்பிக்காதீங்க, ஸ்டெயின்லெஸ் தூள் கண்ணுல போனா சாதா காந்தத்துக்கும் வராது. கிளவுஸ் போட்டுக்கிட்டு ட்ரில் பக்கம் கை வெக்கக்கூடாது. தோள் துண்டக் கழட்டி வெச்சிடுங்க, கைலியா இருந்தா இறுக்கி மடிச்சுக் கட்டுங்க, மணிக்கட்டுல கோயில் கயிறு தொங்கினா சட்டைக் கைக்குள்ள விட்டு பட்டன் போட்டுக்கங்க. சுத்துற சக்ல நூல் மாட்டினா கையும் கூடவே போயிடும்.

3. ஸ்பீடு கணக்கு

புதுசா வர்றவங்க அதிகமா தடுக்கி விழுற இடம் இதுதான். இரும்பு கெட்டியா இருக்கு, அதனால வேகமா சுத்தணும்னு மனசு சொல்லும். நேர் எதிரா செய்யணும்.

காரணம் சூடு. ஸ்டெயின்லெஸ் சூட்டைக் கடத்துறதுல சாதா இரும்புல மூணுல ஒரு பங்குதான் தேறும். ஓட்டையில கிளம்புற சூடு தகட்டுக்குள்ள பரவாம அங்கேயே நின்னு பிட்டோட முனையில ஏறும். வேகம் கூடக் கூட சூடு கூடும், முனையோட ரெண்டு ஓரமும் முதல்ல நீலமாகும், அதோட அந்த பிட்டு வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும்.

கணக்கு சுலபம். வெட்டுற வேகம் நிமிஷத்துக்கு 10 மீட்டர்னு வெச்சுக்கிட்டா, 3200ஐ பிட்டோட எம்எம் அளவால வகுத்தா ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு வந்துடும். 4 எம்எம் பிட்டுக்கு 800, 5க்கு 640, 6க்கு 530, 8க்கு 400, 10க்கு 320, 12க்கு 265. சாதா இரும்புக்கு இதைப் போல ரெண்டரை மடங்கு வரைக்கும் போகலாம். ஸ்பிரிங் பட்டைக்கு இதுலயும் பாதியாக் குறைங்க.

இப்ப உங்க மெஷின் தகட்டுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. பெஞ்ச் ட்ரில்லிங் மெஷினா இருந்தா மூடியைத் திறந்து பெல்ட்ட மோட்டார்ல சின்ன புல்லிக்கும் ஸ்பிண்டில்ல பெரிய புல்லிக்கும் மாத்துங்க, நிறைய பேர் வாங்கின நாள்லேர்ந்து அந்த மூடியைத் திறந்ததே இல்ல. கை ட்ரில்லா இருந்தா ரெண்டு கியர் உள்ளதுதான் இதுக்கு ஏத்தது, 1ல போடுங்க, டிரிக்கரை லேசா அழுத்துங்க. ஃபேன் ரெகுலேட்டரை பெஞ்ச் மெஷினுக்கு மாட்டி வேகத்தைக் குறைக்கிறேன்னு சிலர் கிளம்புறாங்க, இண்டக்‌ஷன் மோட்டார் அதுக்கு ஒத்துவராது, இழுவை போயி காயில் சூடாகி எரிஞ்சிடும். சாயங்காலம் கிராமத்துல வோல்டேஜ் இறங்குற நேரத்துலயும் மோட்டார் திணறும், 10 எம்எம்க்கு மேல உள்ள ஓட்டையெல்லாம் பகல்லயே முடிச்சிடுங்க.

4. பிடிமானம்

கையால பிடிச்சுக்கிட்டு ஸ்டெயின்லெஸ்ல ஓட்டை போடக்கூடாது, சின்ன துண்டா இருந்தாலும் சரி. பிட்டு அந்தப் பக்கம் வெளியே வர்ற நொடியில தகட்டைக் கவ்விச் சுழட்டும், அந்த ஓரம் விரலைக் கத்தியா கிழிச்சிடும்.

வைஸ்ல பிடிங்க, இல்ல மேசையோட ரெண்டு கிளாம்ப் போட்டுப் பிடிங்க. அடியில ஒரு கட்டை வைங்க, தகடு அந்தக் கட்டையில அழுந்தி உக்காந்திருக்கணும். தகடுக்கும் கட்டைக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அழுத்தும்போது தகடு கீழ வளையும், அப்ப பிட்டு ஒரு நேரம் வெட்டி ஒரு நேரம் தேய்க்கும், அந்தத் தேய்ப்புதான் நமக்கு எதிரி. இவ்வளவு இறுக்கமா பிடிக்கச் சொல்றதுக்குக் காரணம் விரல் மட்டும் இல்ல, ஓட்டையும்தான்.

5. மார்க்கும் பஞ்சும்

ஸ்டெயின்லெஸ்ல சென்டர் பஞ்சை வெச்சுச் சுத்தியலால ஓங்கி ரெண்டு மூணு அடி அடிப்பாங்க. அடிச்ச இடம் அப்பவே கெட்டியாயிடும், பிட்டு முதல்ல தொடுற புள்ளியே அதுதான், ஆரம்பமே அடம் பிடிக்கும். லேசா ஒரே ஒரு அடி போதும், முனை உக்காருற அளவு குழி விழுந்தா சரி. ஸ்பிளிட் பாயிண்ட் பிட்டும் பெஞ்ச் மெஷினும் இருந்தா அந்த ஒரு அடியும் வேணாம், மார்க்கர்ல கோடு போட்டு நேரா இறக்கலாம். கை ட்ரில்லுக்கு மட்டும் அந்தக் குழி கட்டாயம்.

6. ஓட்டை போடுறது

இதை மட்டும் நிதானமா படிங்க, முழு வேலையும் இங்கதான் இருக்கு.

முதல்ல மார்க் மேல ஆயில் ரெண்டு சொட்டு, பிட்டு முனையில ஒரு சொட்டு. மெஷின ஓட விட்டு, முனை தகட்டைத் தொட்ட அந்த நொடியே அழுத்தம் முழுசா போகணும். மெதுவா தொட்டுப் பாப்போம்னு முனைய மேல வெச்சு உரச விடாதீங்க. ரெண்டு மூணு செகண்ட் உரசினாலே மேல் தோல் கெட்டியாக ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் நீங்க சண்டை போடுறது நீங்களே உண்டாக்கின தோலோட. முறுக்கு பிழியிற மாதிரி சீரா, விடாம, ஒரே அழுத்தம்.

எவ்வளவு அழுத்தம்னு கேப்பீங்க. கணக்கு இப்படி இருக்கு: 6 எம்எம் பிட்டு ஒரு சுத்துக்கு 0.1 எம்எம் இறங்கணும், 530 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 53 எம்எம். அப்படின்னா 3 எம்எம் தகட்டை முனையோட சேத்து கடந்து வர கணக்குப்படி 5 செகண்ட். நம்ம கையில 10 செகண்ட் ஆகலாம். ஒரு நிமிஷமா ஓட்டிக்கிட்டு இருக்கீங்கன்னா பிட்டு வெட்டவே இல்ல, உடனே தூக்குங்க.

சுருளைப் பாத்துக்கிட்டே இருங்க, அது எல்லாத்தையும் சொல்லிடும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு தடிமனா, வெள்ளையா, லேசா வைக்கோல் நிறத்துல ரெண்டு சுருள் சுத்திக்கிட்டு ஏறினா வேலை சரியா போகுது. ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தா சாணை ஒரு பக்கம் தப்பு. நீலமா வந்தா வேகம் அதிகம். தூளா, ஊசியா கொட்டினா அழுத்தம் பத்தல இல்லாட்டி முனை மழுங்கிடுச்சு. காதையும் வெச்சுக்கங்க, கரகரன்னு கனமா ஒரு சத்தம் வரணும், கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சா அது தேய்க்கிற சத்தம்.

நடுவுல நிறுத்தணும்னா பிட்டைச் சுத்த விட்டே சட்டுன்னு மேல தூக்கிடுங்க, உள்ளேயே வெச்சு அழுத்தத்த மட்டும் விடாதீங்க. சுருளை பிரஷ்ஷால தள்ளுங்க, கை வேணாம், ஸ்டெயின்லெஸ் சுருள் பிளேடு மாதிரி அறுக்கும். ஆயில் விட்டுட்டுத் திரும்ப இறக்கும்போது மறுபடியும் முதல் நொடியிலேயே முழு அழுத்தம். பிட்டு அளவைப் போல ரெண்டு மடங்குக்கு மேல ஆழம் போகணும்னா இப்படித் தூக்கித் தூக்கி சுருளை எடுத்தே ஆகணும், இல்லாட்டி பிட்டோட பள்ளத்துல சுருள் அடைச்சு பிட்டு முறுக்கி ஒடியும்.

அந்தப் பக்கம் வெளிய வரப்போற நேரம் கையில தெரியும், எதிர்ப்பு லேசா குறையும். அப்ப அழுத்தத்த பாதியா குறைங்க, ஆனா முழுசா விட்டுடாதீங்க. கை ட்ரில்ல பக்கவாட்டுக் கைப்பிடிய மாட்டியிருக்கணும், 10 எம்எம்ல கவ்வினா மணிக்கட்டையே முறுக்கிடும்.

7. பெரிய ஓட்டை, மெல்லிசு தகடு

சாதா இரும்புல 3, 5, 7, 10ன்னு படிப்படியா பெருசாக்குற பழக்கம் இருக்கும். ஸ்டெயின்லெஸ்ல அது பிட்டைக் கெடுக்கும், ஒவ்வொரு பிட்டும் ஓரத்துல மட்டும் மெல்லிசா உரசும், அதே ஓரம்தான் முதல்ல கருகும். 8 எம்எம் வரைக்கும் பெஞ்ச் மெஷின்ல ஒரே பிட்டுல நேரா போங்க. அதுக்கு மேலன்னா முதல்ல ஒரே ஒரு பைலட் (வழிகாட்டுற சின்ன ஓட்டை), பெரிய பிட்டோட நடு முனைத் தடிமன் அளவுக்கு. 12 எம்எம்க்கு 3 எம்எம் பக்கம் போதும். கை ட்ரில்லா இருந்தா பலம் பத்தாது, 6 எம்எம்லேர்ந்தே பைலட் போட்டுக்கங்க.

கிச்சன் சிங்க், எவர்சில்வர் தொட்டி மாதிரி 1 எம்எம் பக்கம் உள்ள தகட்டுக்குச் சாதா பிட்டு ஆகாது, முக்கோணமா கிழிச்சிடும். ஸ்டெப் ட்ரில் வாங்கிக்கங்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு ஆயில். குழாய்க்கு 35 எம்எம் ஓட்டைன்னா கார்பைடு (ஸ்டீலை விடக் கெட்டியான ஒரு பொருள்) பல் வெச்ச ஹோல் கட்டர் நல்லது, 200 ஆர்பிஎம் பக்கம் ஓட்டுங்க. சாதா பைமெட்டல் ஹோல் சா போட்டா கணக்குப்படி 90 ஆர்பிஎம்தான் வருது, அவ்வளவு மெதுவா ஓடுற கை ட்ரில் வீட்டுல கிடையாது.

8. அடி பளபளத்துடுச்சா?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கைப்பிடிக்கு வெச்சிருந்த 5 எம்எம் பட்டை ஒண்ணக் கொண்டுவந்தான். ஓட்டை பாதி ஆழத்துல நின்னுடுச்சு, உள்ள எட்டிப் பாத்தா அடி முழுக்க முகம் தெரியிற அளவுக்குப் பளபளப்பு, சுத்தி ஓரம் நீலம். புது பிட்டை வெச்சா அதுவும் சுத்திக்கிட்டே நிக்குது. தேய்ச்சுக் கெட்டியான தோல் இப்படித்தான் இருக்கும்.

இதுக்கு வழி இருக்கு. பட்டையைத் திருப்பிப் போட்டு எதிர்ப் பக்கத்துலேர்ந்து போடுங்க, பழைய ஓட்டைக்கு நேரா மார்க் பண்ணிக்கிட்டு. அந்தப் பக்கம் இன்னும் தொடாத உலோகம், சுலபமா இறங்கும், கெட்டித் தோலை அடியிலேர்ந்து தொடும்போது பிட்டு ஏற்கெனவே வெட்டுற நிலையில இருக்கும், உடைச்சுக்கிட்டு வந்துடும். அந்தத் தம்பியோட பட்டை இப்படித்தான் முடிஞ்சுது, கோபால்ட் பிட்டு, 400 ஆர்பிஎம், அவன் நம்பாம ஓட்டைக்குள்ள விரல விட்டுப் பாத்தான்.

எதிர்ப் பக்கம் போக முடியாத இடம்னா புதுசா சாணை பிடிச்ச கோபால்ட், வேகம் இன்னும் பாதி, அழுத்தம் ரெண்டு மடங்கு, உடம்பு எடையைக் குடுங்க. அதுவும் நடக்கலைன்னா சின்ன கார்பைடு பர்ர (சுத்தித் தேய்க்கிற பல்லு முனை) வெச்சு அந்தத் தோலை அரை எம்எம் எடுத்துட்டு ஆரம்பிங்க.

சூடு பண்ணி ஆற வெச்சா இளகிடும்னு யாராவது சொன்னா அது கார்பன் ஸ்டீலுக்கான கதை. 304ஐ இளக்கணும்னா 1040 டிகிரிக்கு மேல ஏத்தி சட்டுன்னு ஆற வெக்கணும், மெதுவா ஆற வெச்சா துருப்பிடிக்காத குணமே கெட்டுப்போகும். வீட்டுல அதை முயற்சி பண்ணாதீங்க.

9. ஏற்கெனவே கெட்டியான ஸ்டீல்

ஸ்பிரிங் பட்டை, ரோட்டவேட்டர் கத்தி, இரும்பறுக்குற பிளேடு எல்லாம் இந்த ரகம். மூணு வழி இருக்கு, அரம் சொன்னதை வெச்சு ஒண்ண எடுத்துக்கங்க.

அரம் கொஞ்சமாவது கடிச்சுதுன்னா கோபால்ட் பிட்டு, பாதி வேகம், நிறைய ஆயில், 6வது பகுதியில சொன்ன அதே கை. ரோட்டவேட்டர் கத்தி போரான் ஸ்டீல், வேற கம்பெனி போல்ட்டுக்காக ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைப் பெருசாக்கக் கொண்டுவருவாங்க. அப்ப பிட்டோட நடு முனைக்கு வேலையே இல்ல, ரெண்டு ஓரமும்தான் கடிக்கும், கவ்வ வாய்ப்பு அதிகம். கிளாம்ப்பை ரெண்டு மடங்கு இறுக்குங்க, கை ட்ரில்ல இதைச் செய்யவே செய்யாதீங்க.

அரம் வழுக்கினா கார்பைடு. சாலிட் கார்பைடு பிட்டு வெட்டும், ஆனா கொஞ்சம் ஆடினாலும் ஒடியும், அதனால பெஞ்ச் மெஷினுக்கு மட்டும். செலவு கம்மியா வேணும்னா சுவர்ல ஓட்டை போடுற நல்ல கம்பெனி கார்பைடு முனை பிட்டை எடுத்து டைமண்ட் வீல்லயோ பச்சைக் கல்லுலயோ முனையைக் கூராக்குங்க, வாங்கும்போது அதுக்கு இரும்பு வெட்டுற கூர் இருக்காது. சுத்தியல் மோட் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும். ஆயில் விட்டா கடைசி வரைக்கும் விட்டுக்கிட்டே இருங்க, இல்லாட்டி விடவே விடாதீங்க, காய்ஞ்சு சூடான கார்பைடு மேல திடீர்னு விட்டா விரிசல் விழும்.

மூணாவது வழி இளக்குறது. ஸ்பிரிங் பட்டைய வெட்டி வேற ஏதாவது சாமான் செய்யப்போறீங்க, ஸ்பிரிங் குணம் இனி வேணாம்னா இதுதான் சுகம். கொல்லுப்பட்டறை உலையில காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது 770 டிகிரி தாண்டி இன்னும் கொஞ்சம், ஆரஞ்சு கலந்த சிவப்பு வர்ற வரைக்கும் ஏத்துங்க. ஒரு பழைய டின்ல உமிச்சாம்பல் நிறைச்சுத் தயாரா வெச்சிருக்கணும், எடுத்த கையோட உள்ள புதைச்சு மேலயும் சாம்பல் மூடிடுங்க. ரைஸ் மில் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது சும்மாவே கிடைக்கும், சூட்டைப் பிடிச்சு வெக்கிறதுல உமிச்சாம்பல் அவ்வளவு நல்லது, மறுநாள் காலையில தோண்டும்போது கூட இரும்பு வெதுவெதுப்பா இருக்கும். சாம்பல் எலும்பா காய்ஞ்சிருக்கணும், ஈரம் இருந்தா இரும்பு சட்டுன்னு ஆறித் திரும்பக் கெட்டியாயிடும், ஆவியும் முகத்துக்கு அடிக்கும். மூக்குல துணி கட்டாம மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துத்தநாகம் பூசின சாமான உலையில போடவே போடாதீங்க, அந்தப் புகை காய்ச்சல்ல படுக்க வெச்சிடும்.

ஹெச்எஸ்எஸ் பிளேடு இந்த முறைக்கு மசியாது, அது காத்துல ஆறினாலே கெட்டியாகுற ரகம், அதுக்குக் கார்பைடுதான்.

வண்டியில ஓடிக்கிட்டு இருக்கிற ஸ்பிரிங் பட்டையில மட்டும் புது ஓட்டை போட்டுக் குடுக்காதீங்க, யார் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அந்த ஓட்டையோட ஓரத்துலேர்ந்துதான் விரிசல் கிளம்பும், டிரெய்லர்ல நெல் மூட்டை ஏத்தின அன்னிக்கு ஒடியும்.

10. சாணை

வெட்ட மாட்டேங்குதுன்னு தோணின உடனே சாணை பிடிங்க, முழுசா கருகுற வரைக்கும் காத்திருந்தா அஞ்சு எம்எம் தேய்ச்சு எடுக்க வேண்டியிருக்கும்.

மூணு விஷயம் சரியா இருக்கணும்: ரெண்டு உதடும் (வெட்டுற ஓரம்) ஒரே நீளம், ஒரே கோணம், உதட்டுக்குப் பின்னாடி பக்கம் 8லேர்ந்து 12 டிகிரி சரிவா இறங்கியிருக்கணும். பின் பக்கம் உதட்டை விட உயரமா இருந்தா எவ்வளவு அழுத்தினாலும் பிட்டு இறங்காது, பெரும்பாலும் புதுசா சாணை கத்துக்கிறவங்க பிட்டுல இந்தக் குறைதான் இருக்கும். கோணம் பாக்க கேஜ் இல்லைன்னா ரெண்டு அறுகோண நட்டை பட்டைப் பக்கமா ஒட்டி வைங்க, நடுவுல வர்ற பள்ளம் 120 டிகிரி, 118 டிகிரி பிட்டோட முனை அதுல உக்காருதான்னு வெளிச்சத்துல பாத்துக்கலாம்.

ஹெச்எஸ்எஸ், கோபால்ட்டுக்குச் சாம்பல் கலர் இல்ல வெள்ளைக் கல், கார்பைடுக்கு மட்டும் பச்சைக் கல். சாணையில நல்லா சூடான பிட்டைத் தண்ணியில முக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், ஆற விட்டுப் பிடிங்க.

11. மரை போடணும்னா

எம்6 (6 எம்எம்) போல்ட்டுக்கு 5 எம்எம் ஓட்டை, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5ன்னு பட்டியல்ல இருக்கும். ஸ்டெயின்லெஸ்ல அதைவிடக் கொஞ்சம் பெருசா 5.2, 7, 8.8 போடுங்க. மரை ஆழம் 60 சதவீதத்துக்கு மேல இருக்கும், வீட்டு வேலைக்கு அந்தப் பலம் தாராளம், டேப் (மரை வெட்டுற கருவி) ஒடியுற பயமும் பாதியா குறையும். ஓட்டை போடும்போது தேய்ச்சுக் கெட்டியாக்கியிருந்தா டேப் அங்கதான் ஒடியும்.

12. முடிச்சப்புறம்

ரெண்டு பக்கமும் பிசிறு எடுங்க, பெரிய பிட்டைக் கையால சுத்தினாலே போதும். அப்புறம் சோப்புத் தண்ணியில ஆயில் போகக் கழுவுங்க.

சாதா இரும்பு வெட்டுற அதே மேசையில ஸ்டெயின்லெஸ் வேலையும் பண்ணினா இரும்புத் தூள் அதுல ஒட்டும், கொஞ்ச நாள்ல டீக் கறை மாதிரி துரு புள்ளி வரும், "304னு சொல்லிக் குடுத்தீங்களே"ன்னு சண்டைக்கு வருவாங்க. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காத்துல இது இன்னும் சீக்கிரம். கம்பி பிரஷ், எமரி, ஃப்ளாப் டிஸ்க் எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தனியா வைங்க. படகு சாமான், தண்ணித் தொட்டி மாதிரி வேலைன்னா 100 மில்லி தண்ணிக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஓட்டையோட உள் சுவர்லயும் படுற மாதிரி துணியில நனைச்சு அரை மணி நேரம் வெச்சிருந்து, நல்ல தண்ணியில கழுவித் துடைச்சிடுங்க. கையில ரப்பர் கிளவுஸ், இப்ப மெஷின் ஆஃப்ல இருக்கிறதால போட்டுக்கலாம்.